நாயோடு நடப்பதற்கும் ஒரு நிலம் வேண்டும்

கடந்த தைப்பொங்கல் விடுமுறையை அக்கரப்பத்தனைப் பகுதியில் உள்ள தோட்டமொன்றில் என் அண்ணன் குடும்பத்தினருடன் கழித்தேன். நான் பிறந்ததும் அதே தோட்டத்தின் லயக் காம்பிராவொன்றில்தான். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம் பெற்றுக் கொழும்பில் பத்திரிகைத் தொழிலில் சேர்ந்த பின்னர், ஊருக்கு வருவதென்பது திருவிழாவுக்கும் மரணவீட்டுக்குமான பயணமாகச் சுருங்கிவிட்டது. இம்முறை வேறொரு காரணமும் இருந்தது. தினமும் ஒரு மணி நேரமாவது நடக்கவேண்டும் என்று டொக்டர் கண்டிப்பாகக் கூறியிருந்தார். கொழும்பின் புகைக்குள் அதைச் செய்வதிலும் பார்க்க ஊரில் ஆரம்பிப்பது நல்லது என்று நினைத்தேன்.

அண்ணன் வீட்டில் ஜிம்மி என்றொரு நாய் இருக்கிறது. மலையகத்தில் ஒரு ஜிம்மியோ டைகரோ இல்லாத லயத்தைக் காண்பது அரிது. எந்த இனத்தையும் சேர்ந்தது என்று சொல்லமுடியாத, மண்ணிறத்தில் ஒரு காது மடிந்த நாய். நான் செருப்பை மாட்டியதும் அது இஸ்தோப்பிலிருந்து எழுந்து முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டது. "சித்தப்பா, கயித்தப் போட்டுக் கூட்டிட்டுப் போங்க. மேல புலி நடமாட்டம் இருக்கு" என்று அண்ணன் மகன் ஒரு கயிற்றை எடுத்துத் தந்தான். எமது மக்கள் சிறுத்தையைப் புலி என்றே சொல்வார்கள்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தைத் தாண்டி, தேயிலை மலையை ஊடறுத்துச் செல்லும் பாதையில் ஏறினோம். முதல்நாள் இரவு பனி கொட்டியிருந்ததால் பள்ளத்துத் தேயிலையின் நுனிகள் கருகிக் கிடந்தன. யூக்கலிப்டஸ் மரங்கள் முடிந்ததும் பழைய காடு தொடங்குகிறது. மேகம் தங்கும் அந்தக் காட்டில் காற்றின் கொடுமையால் மரங்கள் உயர்வதில்லை. முறுகிய கிளைகளுடன், தலை தட்டையாக, உடலெங்கும் பாசி போர்த்துக்கொண்டு நிற்கின்றன. காட்டின் மறுபக்கம் திடீரென்று வானம் திறந்துகொள்கிறது. அதுதான் பத்தன என்று சிங்களத்தில் வழங்கும் மலைப்புல்வெளி. அக்கரப்பத்தனை என்ற எம் ஊர்ப்பெயரிலும் அந்தப் புல்வெளியே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஆனால், புல்வெளியைத் தன் பெயரில் சுமக்கும் ஊரில் பிறந்த எங்களில் எத்தனை பேர், வேலை எதுவும் இல்லாமல், வெறுமனே அந்தப் புல்வெளியில் நடந்திருக்கிறோம்?

இந்தக் கேள்வி எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. காட்டோரத்தில் காவலாளி ஒருவர் என்னைத் தடுத்து நிறுத்தினார். "ஐயா எங்க போறீங்க? மேல போறதுன்னா ஆபீசுல சொல்லிட்டுத்தான் போகணும். அதுவும் நாயோட..." என்றார். நான் இந்தத் தோட்டத்தில் பிறந்தவன், இன்னார் மகன் என்று சொன்னேன். "தெரியுங்க. ஆனா நாயோட யாராச்சும் போனா பன்னி வேட்டைக்குப் போறாங்கன்னு சொல்லுவாங்க. எனக்குத்தான் பேச்சு விழும்" என்று தயக்கத்துடன் பதில் சொன்னார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கையிலேயே முதுகுப்பையும் கைத்தடியுமாக இரண்டு வெள்ளைக்காரப் பிரயாணிகள் மேலிருந்து இறங்கி வந்தார்கள். காவலாளி சிரித்துக்கொண்டே வழிவிட்டார். அவர்களும் சிரித்தார்கள். அவர்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

அந்தக் காவலாளிமீது எனக்குக் கோபம் இல்லை. அவரும் எமது லயத்துப் பிள்ளைதான். வெளிநாட்டவர்கள் நடப்பதிலும் எனக்கு ஆட்சேபனை கிடையாது. கண்டியிலிருந்து நுவரெலியா வரை 22 கட்டங்களாக, 300 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரத்துக்கு அமைக்கப்பட்டிருக்கும் பீக்கோ நடைபாதை உலகெங்குமிருந்து மக்களை இங்கு அழைத்துவருகிறது. அதனால் சில குடும்பங்களுக்கு வருமானமும் கிடைக்கிறது. ஆனால், அந்தப் பாதையின் பெரும்பகுதி பழைய தேயிலைப் பாதைகள் என்பதை மறந்துவிடக்கூடாது. அவற்றை வெட்டியவர்களும் அவற்றின் வழியே கொழுந்தைச் சுமந்தவர்களும் யார்? அவர்களின் பேரப்பிள்ளை தன் நாயுடன் நடக்கும்போது வேட்டைக்காரனாகவும் விறகு திருடுபவனாகவும் சந்தேகிக்கப்படுவது எவ்வாறு நேர்ந்தது?

இந்த மலைகளில் நாயுடன் நடப்பது ஒருகாலத்தில் துரைமாரின் உரிமையாக இருந்தது. 1848ஆம் ஆண்டு நுவரெலியாவில் குடியேற்றமொன்றை அமைக்கத் தொடங்கிய சாமுவேல் பேக்கர், இங்கிலாந்திலிருந்து வேட்டைநாய்களை வரவழைத்து, நுவரெலியாக் காடுகளிலும் ஹோட்டன் சமவெளியிலும் மரைகளை விரட்டிக் கொன்றவர். அவர் இலங்கையைப் பற்றி எழுதிய நூலொன்றின் பெயரிலேயே துப்பாக்கியும் வேட்டைநாயும் இடம்பெற்றிருக்கின்றன. அவருக்கு முன்னர் வாழ்ந்த மேஜர் தோமஸ் ரோஜர்ஸ் என்ற அதிகாரி ஆயிரத்து நானூறு யானைகள் வரையில் சுட்டுக் கொன்றதாகக் கூறப்படுகிறது. 1845ஆம் ஆண்டில் ஹப்புத்தளையில் இடி விழுந்து அவர் மாண்டார். ஹோட்டன் சமவெளியில் இன்று ஒரு யானையும் இல்லை. ஆனால், ஹோட்டன் என்ற ஆளுநரின் பெயரும் பேக்கரின் பெயரைத் தாங்கிய நீர்வீழ்ச்சியும் அங்கே நிலைத்திருக்கின்றன.

வேட்டையை விடவும் ஆழமாகச் சென்றது சட்டம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடுகளையும் தரிசு நிலங்களையும் பயிரிடப்படாத நிலங்களையும், வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை, முடிக்குரிய சொத்தாகக் கருதியது. கண்டிய கிராமத்தவர்கள் மாடு மேய்த்த, சேனை செய்த, விறகு பொறுக்கிய நிலங்கள் அவ்வாறு கைமாறின. தொடக்கத்தில் ஏக்கர் ஒன்று 5 ஷில்லிங் என்ற விலையில் கோப்பித் தோட்டக்காரர்களுக்கு விற்கப்பட்டது. சிங்களக் கிராமத்தவர் அந்த நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். தமிழ்த் தொழிலாளி அந்த நிலத்துக்குள் கொண்டுவரப்பட்டார். இருவருக்குமே அந்த நிலத்தில் சுதந்திரமாக நடப்பதற்கு உரிமை இருக்கவில்லை. இதை இரு சமூகங்களும் சேர்ந்து நினைத்துப் பார்க்கவேண்டும்.

எனது பாட்டனார் துரையின் நாய்களைப் பராமரிக்கும் வேலை பார்த்தவர். இரண்டு பெரிய நாய்கள். அவற்றுக்குத் தினமும் இறைச்சி நிறுத்துக் கொடுக்கப்படும். வீட்டில் பிள்ளைகளுக்கு ரொட்டியும் சம்பலும். மாலையில் நாய்களை நடத்திக்கொண்டு காட்டைத் தாண்டிப் பத்தனைக்குச் செல்வது அவருடைய கடமை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எமது மக்களை நாடற்றவர்களாக்கியபோதும் அவர் அந்த நாய்களை நடத்திக்கொண்டிருந்தார். நாய்களைப் பதிவுசெய்யும் சட்டம் இலங்கையில் 1901ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. துரையின் நாய்களுக்கு அனுமதிப்பத்திரம் இருந்தது. அவற்றின் கயிற்றைப் பிடித்தவருக்கு நாடு இருக்கவில்லை.

ஆனால், பாட்டனார் அந்தக் காலத்தைப் பற்றிக் கசப்புடன் பேசியதை நான் கேட்டதேயில்லை. மானாப்புல்லில் உட்கார்ந்து, வெயில் சாய்வதையும் தூரத்து மலைகள் நீலமாவதையும் பார்த்துக்கொண்டிருப்பாராம். தான் வேலை செய்யாமல் மலையைப் பார்த்த நேரம் அது மட்டும்தான் என்பார். "அந்த நாய்ங்க இல்லாட்டி அந்த எடத்த எனக்கு யாரு காட்டியிருப்பா?" என்று அவர் கேட்டது இன்னமும் என் காதில் இருக்கிறது. அவருக்குச் சொந்தமாக ஒரு நாய் இருந்தது. அதை அவர் ஒருநாளும் அங்கே அழைத்துச் சென்றதில்லை. துரையின் நாய்க்கு இருந்த வழி தொழிலாளியின் நாய்க்கு இருக்கவில்லை. என் சிறுவயதில் நாய் பிடிப்போர் வரும் செய்தி கிடைத்தால் அம்மா எங்கள் நாயைக் காம்பிராவுக்குள் அடைத்து, அதன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தெருநாய்களைக் கொல்வதில்லை என்ற கொள்கை இந்த நாட்டில் 2006ஆம் ஆண்டில்தான் வந்தது.

இனி, அந்தத் துரைமாரின் சொந்த நாட்டில் என்ன நடந்தது என்பதைப் பார்ப்போம். இங்கிலாந்தின் உயர்ந்த புல்வெளிகளும் பெருநிலக்காரர்களின் வேட்டைக்காகப் பொதுமக்களுக்கு மூடப்பட்டிருந்தவைதான். 1932ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் திகதி மன்செஸ்டர் பகுதியின் இளம் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டு நிலத்தில் அத்துமீறி நடந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் சிறைக்குச் சென்றார்கள். ஆலையில் ஆறு நாள் உழைப்பவனுக்கு ஏழாவது நாள் மலையில் நடக்க உரிமை உண்டு என்பதே அவர்களுடைய வாதம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மலை, மேட்டுப் புல்வெளி போன்ற திறந்த நிலங்களில் நடக்கும் உரிமையை 2000ஆம் ஆண்டில் சட்டம் அங்கீகரித்தது. ஸ்கொட்லாந்து 2003ஆம் ஆண்டில் இன்னும் விரிவான உரிமையை வழங்கியது.

எம் பகுதித் தோட்டங்களின் பெயர்களைச் சற்று வாசித்துப் பாருங்கள். கிளாஸ்கோ, பெல்மோரல், வேவர்லி. ஸ்கொட்லாந்தின் ஊர்களையும் மாளிகைகளையும் கதைகளையும் நினைவுபடுத்தும் பெயர்கள். அங்கே உள்ள கிளாஸ்கோ நகரத்துத் தொழிலாளி தன் நாயுடன் பக்கத்து மலையில் நடப்பதற்குச் சட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறது. அந்த நாட்டின் பெயர்களைச் சுமந்து நிற்கும் மலையகத்தில் அத்தகைய சட்டம் எதுவும் கிடையாது. துரைமார் தங்கள் ஊர்ப்பெயர்களை எமக்கு விட்டுச்சென்றார்கள். அந்த ஊர்களின் மக்கள் போராடிப் பெற்ற உரிமை மாத்திரம் கப்பலேறி வரவில்லை.

அதே இங்கிலாந்துச் சட்டத்தில் எமக்கு இன்னொரு பாடமும் இருக்கிறது. அந்தத் திறந்த நிலங்களில் மார்ச் முதலாம் திகதியிலிருந்து ஜூலை 31 வரை நாயை இரண்டு மீற்றருக்கு மேற்படாத கயிற்றில் பிடித்துக்கொண்டே செல்லவேண்டும். தரையில் கூடு கட்டும் பறவைகளின் காலம் அது. ஆடுமாடுகளுக்கு அருகில் வருடம் முழுவதும் அதே விதி. உரிமையும் கயிறும் ஒரே சட்டத்தில் வந்தன. ஒன்றைக் கேட்டுவிட்டு மற்றதை மறைப்பது நேர்மையல்ல.

எனவே, என் தரப்பின் பலவீனத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். ஹோட்டன் சமவெளித் தேசிய பூங்காவுக்குள் நாயைக் கொண்டுசெல்ல அனுமதியில்லை. அது முற்றிலும் சரியான விதி. சுமார் 3,160 ஹெக்டேயர் பரப்புள்ள அந்தச் சமவெளி 1969ஆம் ஆண்டில் இயற்கை ஒதுக்கிடமாகவும் 1988ஆம் ஆண்டில் தேசிய பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. மத்திய மலைநாட்டின் ஏனைய காடுகள் சிலவற்றுடன் சேர்த்து 2010ஆம் ஆண்டில் உலக மரபுரிமைச் சொத்தாகவும் அங்கீகரிக்கப்பட்டது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் அங்கிருந்து நீர் செல்கிறது. 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை விட்டுவைக்கவேண்டும் என்று 1870களில் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் கூறிய ஆலோசனையும் சேர்ந்துதான் அந்த உச்சிக்காடுகள் தேயிலையாகாமல் தப்பின.

அவிழ்த்துவிடப்பட்ட ஒரு நாய் மரையை விரட்டினால், பேக்கரின் வேலையை அது சம்பளமில்லாமல் தொடர்கிறது என்றுதான் அர்த்தம். நோய் இன்னும் பெரிய ஆபத்து. 1994ஆம் ஆண்டில் தன்சானியாவின் செரங்கெட்டியில் வீட்டு நாய்களிலிருந்து பரவிய டிஸ்டெம்பர் என்ற நோய் அங்கிருந்த சிங்கங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கைக் கொன்றது. மலையகத்தின் சிறுத்தைகள் லயத்து நாய்களைப் பிடித்துத் தின்பது எமக்குத் தெரிந்த விடயம். தடுப்பூசி போடப்படாத நாய் எந்தக் காட்டின் வாசலிலும் நிற்கக்கூடாது.

ஆனால், நாயுடன் நடப்பவனைத் தடுத்துவிட்டால் காடு காப்பாற்றப்பட்டுவிடும் என்று நினைப்பது தவறு. 2020ஆம் ஆண்டு மே 26ஆம் திகதி நல்லதண்ணிப் பகுதியில் தேயிலைத் தோட்டமொன்றில் கருஞ்சிறுத்தையொன்று சுருக்குக் கம்பியில் சிக்கியிருந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அரிதிலும் அரிதான அந்த உயிர் மூன்று நாட்களின் பின்னர் உடவளவையில் இறந்தது. காட்டுப்பன்றிக்கென்று இரகசியமாகக் கட்டப்படும் இந்தக் கம்பிகள் ஆள் நடமாட்டமில்லாத இடங்களையே நாடுகின்றன. கயிறு கட்டிய நாயுடன் பகல்வெளிச்சத்தில் பலரும் நடக்கும் பாதையோரத்தில் கம்பி கட்டுவது சுலபமல்ல. கட்டினாலும் யாராவது ஒருவர் கண்டு சொல்வார். மக்களை அந்நியப்படுத்திவிட்டுக் காட்டைக் காக்க முடியாது. தனக்கு நடக்க அனுமதியில்லாத காடு அழிவதைக் கண்டு கவலைப்படுமாறு ஒருவனிடம் எந்த முகத்துடன் கேட்பது?

ஆகவே, செய்யவேண்டியது என்ன? தேயிலைத் தோட்டங்கள் 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களினால் அரசுடைமையாகின. 1992ஆம் ஆண்டில் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் நிர்வாகம் ஒப்படைக்கப்பட்டு, 2045ஆம் ஆண்டுவரை நிலம் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. நிலத்தின் சொந்தக்காரர் அரசாங்கம்தான் என்பதே இதன் பொருள். குத்தகைகள் மீள ஆராயப்படும் வேளையில் பாடசாலைப் பாதைகள், கோயில் பாதைகள், காட்டோரப் பாதைகள் ஆகியவற்றைப் பிரதேச சபைகள் பட்டியலிட்டு, அவற்றில் பகல்நேரத்தில் நடக்கும் உரிமை அனைவருக்கும் உண்டு என்று எழுத்தில் சேர்ப்பதற்குப் பெரும் பணம் தேவையில்லை. கொழுந்து பறிக்கும் மலைக்குள் யாரும் இறங்கவேண்டியதில்லை. நாய்க்குக் கயிறும் தடுப்பூசிச் சான்றிதழும் கட்டாயமாகட்டும். தேசிய பூங்காவின் வாசல் நாய்களுக்கு மூடியே இருக்கட்டும்.

வீடும் சம்பளமும் காணியும் கேட்டுப் போராடிக்கொண்டிருக்கும் மக்களுக்கு நாயுடன் உலாவும் உரிமை ஒரு கேடா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். சம்பளம் முதலில் வரவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால், ஒரு மக்கள் கூட்டம் ஒரு நிலத்துக்கு உரியது என்பதை எதை வைத்து அறிவது? அங்கே வேலை செய்வதை வைத்தா? அப்படியானால் எமக்கு இருநூறு வருட உரிமை இருக்கிறது. 2023ஆம் ஆண்டு ஜூலை 28 தொடக்கம் ஓகஸ்ட் 12 வரை, முன்னோர் வந்த வழியை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை எமது மக்கள் நடந்தார்கள். எங்கள் வரலாறே நடையில்தான் தொடங்கியது. ஆனால், அந்த நடை எப்போதும் யாருக்கோ வேலை செய்யப் போகும் நடையாகவே இருந்துவந்திருக்கிறது. வேலை இல்லாத நேரத்திலும் ஒருவனை அந்த நிலம் ஏற்றுக்கொண்டால்தான் அது அவனுடைய ஊர்.

அன்று நானும் ஜிம்மியும் பத்தனைக்குச் செல்லவில்லை. காவலாளிக்குப் பேச்சு வாங்கிக்கொடுக்க மனம் வரவில்லை. திரும்பும் வழியில் காட்டோரத்தில் ஜிம்மி சட்டென்று நின்றது. முதுகுமயிர் சிலிர்த்துக்கொண்டது. காட்டுக்குள் ஓரசைவும் தெரியவில்லை. கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சற்று நேரம் அப்படியே நின்றுவிட்டு அது என் காலோடு ஒட்டிக்கொண்டு நடந்தது. அந்தக் காடு யாருக்கு உரியது என்பதில் அந்த நாய்க்குச் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை. காட்டோரத்துப் பாதை யாருக்கு உரியது என்பதைத்தான் மனிதர்களாகிய நாம் இன்னும் தீர்மானிக்காமல் இருக்கிறோம்.